பழக்கமா, சொத்துக் கணக்கா, பொதுப்பணமா: ஒரு வேட்பாளரை எதை வைத்து நம்புவது?

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டுவிட்டால் எங்கள் நீலகிரி மலையின் கோத்தகிரிச் சந்தையிலும், பச்சைத் தேயிலை எடைபோடும் கொட்டகையிலும், மேட்டுப்பாளையம் இறங்கும் பேருந்திலும் ஒரே கேள்விதான் சுற்றி வருகிறது: "ஆள் எப்படி?" இந்தச் சின்னக் கேள்விக்குள் மூன்று வெவ்வேறு விசாரணைகள் அடங்கியிருக்கின்றன. அவர் குடிப்பாரா, சீட்டாடுவாரா, வீட்டில் எப்படி நடந்துகொள்வார் என்பது ஒன்று. அவருக்குச் சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு, அது எப்படி வந்தது என்பது மற்றொன்று. பிறருடைய பணமோ ஊருடைய பணமோ கையில் இருந்தபோது அவர் என்ன செய்தார் என்பது மூன்றாவது. வெவ்வேறு தேர்தல்களில் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக அளவுகோலாகப் பிடித்து வாக்களித்தவன் என்ற முறையில், எதற்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்றாவது கேள்விக்கே அதிக எடை, இரண்டாவது, படிக்கத் தெரிந்து படித்தால் பயன் தரும், முதலாவதை மிகக் குறுகிய எல்லைக்குள் மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நடைமுறையில் எங்கள் மலையில் முதல் கேள்விதான் மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. நாற்பது வீடுகளோ நூறு வீடுகளோ உள்ள ஒரு ஊரில் யார் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார், எந்த நிலையில் திரும்புகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். சொத்து விவரத்தைத் தேடிப் படிக்க வேண்டும்; பழக்கமோ தேடாமலே கண்ணில் படுகிறது. அதோடு, இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள் பெண்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தோட்டத்து லயங்களிலும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஊர்களிலும் வாரக்கூலி வீடு வந்து சேருவதற்குள் பாதி கரைந்துபோவதைப் பார்த்துப் பார்த்து வாழ்ந்தவர்கள், "அந்த ஆள் குடிப்பவரா?" என்று கேட்பது வம்புப் பேச்சு ஆகாது. தன் கையை அடக்க முடியாதவர் பிறர் பணத்தில் மட்டும் எப்படி அடக்குவார் என்ற அவர்களுடைய சந்தேகத்தில் நியாயம் உண்டு. சூதாட்டத்துக்கு அடிமையானவருக்கு எப்போதும் பணத் தேவை இருக்கும், அந்தத் தேவையை யாரோ ஒருவர் அறிந்துவைத்திருப்பார் என்பதும் உண்மையே. அதனால் பழக்கம் என்பது முழுக்க அவரவர் சொந்த விஷயம் என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை.

இருந்தும் அந்த அளவுகோல் என்னை ஒருமுறை ஏமாற்றியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் உள்ளாட்சித் தேர்தலுக்கு இருவர் நின்றார்கள். ஒருவர் குடிக்காதவர், புகைக்காதவர், விடியும் முன் எழுந்து தோட்டத்துக்குப் போகிறவர், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறவர். மற்றவர் கடனாளி. 1998-க்குப் பின் பச்சைத் தேயிலை விலை சரிந்த ஆண்டுகளில் வங்கியிலும் வெளியிலும் வாங்கிய கடனை அடைக்க முடியாமல் திணறியவர். மாலையில் இரண்டு நண்பர்களோடு உட்கார்ந்து குடிக்கும் பழக்கமும் இருந்தது. "கடன்காரன் கையில் சாவியைக் கொடுப்பதா?" என்று ஊரே கேட்டது, நானும் கேட்டேன். முதலாமவருக்கு வாக்களித்தோம், அவரும் வென்றார். வென்ற பிறகும் அவருடைய பழக்கவழக்கங்கள் கடுகளவும் மாறவில்லை. ஆனால் பாதைக்குக் கீழே கட்ட வேண்டிய தடுப்புச் சுவர் வேலை அவருடைய மைத்துனர் முறை உள்ள ஒப்பந்தக்காரரிடம் போனது. சுவருக்குள் போக வேண்டிய கல்லும் சிமென்ட்டும் போகவில்லை. இரண்டாவது வடகிழக்குப் பருவமழையில் சுவர் பாதையோடு சேர்ந்து கீழே இருந்த தேயிலைக்குள் இறங்கிவிட்டது. அவர் அதில் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். உறவுக்காரரிடம் "முடியாது" என்று சொல்லும் துணிவு அவரிடம் இல்லை, அவ்வளவுதான். அந்தத் துணிவு இருக்கிறதா என்பதை அவர் குடிக்காததிலிருந்தோ விடியலில் எழுவதிலிருந்தோ எங்களால் கண்டுபிடித்திருக்கவே முடியாது என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

எளிமை என்று வரும்போது தமிழ்நாட்டில் யாரும் முதலில் சொல்லும் பெயர்கள் காமராஜரும் கக்கனும்தான். வாடகை வீட்டில் வாழ்ந்து, 1975-இல் மறைந்தபோது தனக்கென்று எதுவும் சேர்த்து வைக்காதவராக இருந்தார் காமராஜர். ஆனால் அவரை நினைவுகூரும்போது நாம் எளிமையை மட்டும் தனியே பிரித்தெடுத்துக்கொள்கிறோம். 1954 முதல் 1963 வரை அவர் முதலமைச்சராக இருந்த காலத்தில்தான் கனடா நாட்டு உதவியோடு எங்கள் மலையில் குந்தா நீர்மின் திட்டம் எழுந்தது. எளிமையோடு சேர்ந்து அப்படிப்பட்ட வேலையும் நடந்ததால்தான் அந்த எளிமைக்கு மதிப்பு வந்தது. எளிமையின் அடையாளத்தை மட்டும் வைத்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மற்றொரு முன்னாள் முதலமைச்சரின் கதை இருக்கிறது. 1991-இல் பொறுப்பேற்ற ஜெயலலிதா மாதம் 1 ரூபாய் மட்டுமே சம்பளமாகப் பெறுவதாக அறிவித்தார். அதே ஐந்தாண்டுகளில் வருமானத்துக்கு அதிகமாக 66 கோடி ரூபாய்க்கு மேல் சொத்துச் சேர்த்ததாகப் பின்னர் வழக்குத் தொடரப்பட்டது. 2014-இல் சிறப்பு நீதிமன்றம் தண்டித்தது, 2015-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவரோடு குற்றம் சாட்டப்பட்ட மற்ற மூவருக்கும் தண்டனையை உறுதிசெய்தது. அதற்கு முன்பே அவர் மறைந்துவிட்டதால் அவர் மீதான நடவடிக்கை அற்றுப்போனது. அவருடைய ஆட்சியின் நிறைகுறைகளைப் பேச இது இடமில்லை. சம்பளம் வாங்காததை நேர்மையின் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

பழக்கத்தை அளவுகோலாக்குவதில் எனக்கு இன்னும் பெரிய மனத்தாங்கல் ஒன்று உண்டு. அந்தக் கோல் எல்லோருக்கும் ஒரே நீளமாக இருப்பதில்லை. உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட மாநிலம் இது. ஆனாலும் ஒரு பெண் வேட்பாளர் மாலை ஆறு மணிக்கு மேல் பிரசாரம் முடித்து ஜீப்பில் வந்து இறங்கினால் எழும் பேச்சு, இரவு பத்து மணிக்கு வந்து இறங்கும் ஆணைப் பற்றி எழுவதில்லை. கூடலூர்ப் பக்கம் பழங்குடியினரான பணியரோ காட்டுநாயக்கரோ ஒருவர் நின்றால், அவருடைய சமூகத்தில் சடங்கோடும் உழைப்போடும் கலந்துவிட்ட பழக்கம்கூட மற்றவர் கண்ணுக்குக் குற்றமாகத் தெரிகிறது. யாருடைய வாழ்க்கை முறை ஊரில் ஓங்கியிருக்கிறதோ அதுவே ஒழுக்கம் என்ற பெயரில் அளவுகோலாகிவிடுகிறது. இதைப் பார்த்த பிறகு, பழக்கத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் யார் எழுப்புகிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தேன்.

பழக்கத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்றால் அதைப் பொதுக் கேள்வியாகத் திருப்பிக் கேட்கலாம். காட்டோரங்களில் உடைத்து எறியப்படும் மதுப் பாட்டில்கள் யானையின் காலைக் கிழித்த செய்திகளுக்குப் பின், உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022 மே மாதம் நீலகிரியில் ஒரு திட்டம் வந்தது: டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது அதைத் திருப்பித் தருவது. வேட்பாளர் வீட்டில் என்ன குடிக்கிறார் என்பதைவிட, இந்தத் திட்டம் சுற்றுலாக் காலத்தில் ஒழுங்காக நடக்க அவர் என்ன செய்வார், பள்ளிக்கும் குடியிருப்புக்கும் அருகிலுள்ள கடையைப் பற்றி என்ன நிலை எடுப்பார், தன் பிரசாரத்துக்கு வருகிறவர்களுக்குப் பாட்டில் வாங்கிக் கொடுக்கிறாரா என்பவையே என் வாழ்வைத் தொடுகிற கேள்விகள். கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்ற பதில் கிடைத்தால் அவர் தாமே ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவராக இருந்தாலும் எனக்குப் பொருட்டில்லை.

சொத்துக் கணக்குக்கு வருவோம். வேட்பாளர் தம் குற்ற வழக்குகளையும் சொத்தையும் கடனையும் கல்வியையும் வாக்காளருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. அதைத் தளர்த்த நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டப் பிரிவை 2003-இல் அதே நீதிமன்றம் செல்லாது என்றது. 2018-இல் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கும் பின்னர் சேர்ந்துகொண்டது. வேட்புமனுவோடு தரப்படும் இந்தப் படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாருக்கும் கிடைக்கிறது. பொய் சொன்னால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இவ்வளவு இருந்தும் எங்கள் ஊரில் அதை யாராவது படித்தார் என்று நான் கேள்விப்பட்டதில்லை. செய்தித்தாளில் வரும் "கோடீஸ்வர வேட்பாளர்" என்ற ஒற்றைத் தொகையோடு எல்லாம் முடிந்துவிடுகிறது.

அந்த ஒற்றைத் தொகை பெரும்பாலும் வழிதவறச் செய்யும். பெரிய தொகை என்றால் திருடர், சின்னத் தொகை என்றால் நல்லவர் என்று படிப்பது ஒரு பக்கம், "ஏற்கெனவே பணம் இருக்கிறவர் எதற்குத் திருடப் போகிறார்?" என்று படிப்பது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் எதிரான உதாரணங்களை ஒவ்வொரு ஊரிலும் காட்டலாம். கடன் பகுதியைப் படிப்பதில்தான் எங்கள் மலைக்காரர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒரு ஏக்கரும் ஒன்றரை ஏக்கரும் வைத்திருக்கும் சிறு தேயிலை விவசாயியின் கடன் அவருடைய குணத்தால் வந்ததில்லை, இலை விலையால் வந்தது. 2015-இல் ஹரியானா மாநிலம் ஊராட்சித் தேர்தலில் நிற்பதற்குச் சில தகுதிகளை விதித்தது: குறைந்தபட்சப் படிப்பு, வீட்டில் கழிப்பறை, கூட்டுறவு வங்கிக் கடன் பாக்கி இல்லாமை, மின்கட்டண பாக்கி இல்லாமை. அந்த ஆண்டு டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. தீர்ப்பைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றே: விலை சரிந்த அந்த ஆண்டுகளில் இப்படி ஒரு சட்டம் இங்கே இருந்திருந்தால், தேயிலையை நம்பி வாழும் சிறு விவசாயிகளில் நிற்கத் தகுதி உள்ளவர்களைத் தேட வேண்டியிருந்திருக்கும். திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்து, அதிலிருந்து விடுபடாதவரைச் சட்டமன்ற உறுப்பினராக இருக்க அரசியலமைப்பின் 191-ஆவது பிரிவு அனுமதிப்பதில்லை. கடன் இருப்பதற்கும் திவாலாவதற்கும் உள்ள அந்த இடைவெளியை நாமும் மதிக்க வேண்டும்.

அதனால் கடன் எவ்வளவு என்பதைவிட யாரிடம் என்று பார்க்கிறேன். வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் உள்ள கடன் என்னை உறுத்துவதில்லை. அரசு ஒப்பந்தம் எடுக்கிறவரிடமோ, இடம் வாங்கி விற்கிறவரிடமோ பெரிய தொகை "கைமாற்று" என்று எழுதப்பட்டிருந்தால் அந்த வரியில் நின்றுவிடுகிறேன். அவர் பதவிக்கு வந்த மறுநாள் யார் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்பது அந்த வரியிலேயே எழுதியிருக்கிறது. தமக்கோ மனைவிக்கோ பங்குதாரராக உள்ள நிறுவனத்துக்கோ அரசோடு ஒப்பந்தம் இருக்கிறதா என்று படிவமே கேட்கிறது. அதற்கு எழுதிய பதிலையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அசையாச் சொத்துப் பகுதி எங்கள் மலைக்கு இன்னும் முக்கியம். சர்வே எண், பரப்பு, வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய மதிப்பு எல்லாம் அதில் இருக்கும். மசினகுடியை ஒட்டிய சீகூர் யானை வழித்தடத்தை அரசு 2010-இல் அறிவிக்கையாக வெளியிட்டது, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது; இடைப்பட்ட பத்தாண்டுகளில் அங்கே யாருக்கு விடுதி இருக்கிறது, யாருக்கு நிலம் இருக்கிறது என்பது இந்த மலையின் அரசியலையே ஆட்டியது. கொடைக்கானலில் விதியின் அளவைத் தாண்டி ஏழு மாடியாக எழுந்த பிளசன்ட் ஸ்டே ஓட்டலுக்கு 1990-களில் அரசு அளித்த விலக்கு, பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் நடத்திய வழக்கில் ரத்தானதை இங்குள்ளவர்களும் மறக்கவில்லை. ஒரு வேட்பாளருக்கு மசினகுடிப் பக்கம் நிலம் இருப்பது குற்றமாகாது. ஆனால் வழித்தடத்தைப் பற்றியோ கட்டட உயரத்தைப் பற்றியோ அவர் நாளை பேசும்போது அவருடைய சொந்த நிலமும் அந்தப் பேச்சுக்குள் நிற்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது என் உரிமை.

பிரமாணப் பத்திரத்தின் குறையும் பெரியது. பிள்ளைகள் தனியே சம்பாதிக்கத் தொடங்கிவிட்டால் அவர்களுடைய சொத்து அதில் வராது. தம்பி பேரிலும் ஓட்டுநர் பேரிலும் உள்ளது வரவே வராது. 2024 ஏப்ரல் 9 அன்று, அருணாசலப் பிரதேசத்தின் தேசு தொகுதி பற்றிய வழக்கில், வேட்பாளர் தம்மிடமுள்ள ஒவ்வொரு அசையும் பொருளையும் எழுதத் தேவையில்லை, அவருக்கும் தனியுரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சாதாரணக் கைக்கடிகாரத்தைச் சொல்ல வேண்டாம். விலை உயர்ந்த கடிகாரங்களைச் சேர்த்து வைத்திருந்தால் அது வாழ்க்கை முறையையே காட்டும், ஆகவே சொல்ல வேண்டும் என்று எல்லை வகுத்தது. நியாயமான எல்லை என்றே நினைக்கிறேன். மறைக்கப்பட்டதை நம்மால் தோண்ட முடியாது. ஆனால் ஒருவர் இரண்டாம் முறை நிற்கிறார் என்றால், ஐந்து ஆண்டுக்கு முன் கொடுத்த பத்திரத்தையும் இப்போது கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வளர்ச்சிக்கு ஏற்ற வருமானம் அதிலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். இதற்குப் பள்ளிக் கணக்குப் போதும்.

வழக்குகள் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2014 மக்களவைத் தேர்தலில் நீலகிரி தொகுதியில் 46,559 பேர் நோட்டாவை அழுத்தினார்கள். 2ஜி அலைக்கற்றை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருந்த ஆ. ராசா அந்தத் தேர்தலில் தோற்றார்; பாஜக வேட்பாளரின் மனு தள்ளுபடியாகி அந்தக் கட்சி களத்திலேயே இல்லை. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் அவரை விடுவித்தது, 2019-இல் அதே தொகுதி அவரைப் பெரிய வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தது. நிலுவை வழக்கு என்பது குற்றச்சாட்டுதான், தீர்ப்பு ஆகாது என்பதற்கும், தீர்ப்பு வரும்வரை வாக்காளரால் காத்திருக்க முடியாது என்பதற்கும் எங்கள் தொகுதியே சாட்சி. சாலை மறியல் வழக்கையும் பணமோசடி வழக்கையும் ஒரே எண்ணிக்கையில் சேர்க்காமல், என்ன பிரிவு என்று பார்ப்பதற்கு மேல் இதில் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மூன்றாவது அளவுகோல் சோம்பேறிகளுக்கு ஒத்துவராது, ஏனென்றால் நாலு பேரிடம் போய்க் கேட்க வேண்டும். எங்கள் மலையில் பொறுப்பைச் சோதிக்கும் இடங்களுக்குக் குறைவில்லை: கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் நிர்வாகக் குழு, மகளிர் சுயஉதவிக் குழு, கோயில் திருவிழாக் குழு, பள்ளி மேலாண்மைக் குழு, ஊரின் தண்ணீர்க் குழு. வேட்பாளர் ஏற்கெனவே சட்டமன்ற உறுப்பினர் என்றால் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி எந்த எந்த வேலைக்குப் போனது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டுக் கேட்கலாம். ஆனால் சின்னக் குழுவின் கணக்கு இதைவிட அதிகம் பேசும். திருவிழா முடிந்து எத்தனை நாளில் வரவு செலவை ஒட்டினார்? மீதியை அடுத்த ஆண்டுக்காரரிடம் ஒப்படைத்தாரா? கணக்குக் கேட்டவர் மேல் கோபப்பட்டாரா, நோட்டை எடுத்துக் காட்டினாரா? உறவுக்காரர் கொடுத்த விலைப்புள்ளி அதிகமாக இருந்தபோது என்ன செய்தார்? நான் முன்பு சொன்ன அந்தக் கடனாளி, தோற்ற பிறகு எங்கள் தண்ணீர்க் குழுவின் பொறுப்பை ஏற்றார். குழாய் வாங்கிய ரசீது ஒவ்வொன்றையும் நோட்டில் ஒட்டிவைத்தார். தம் அண்ணன் வீட்டு இணைப்புக்கும் மற்றவர்களுக்கு வாங்கிய அதே தொகையை வாங்கினார், அதனால் அண்ணன் இரண்டு ஆண்டு அவரோடு பேசவில்லை. கடனும் மாலைப் பழக்கமும் அப்போதும் இருந்தன. மறதியும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. இரண்டு முறை மோட்டார் பழுதைக் கவனிக்காமல் விட்டு ஊரைத் தவிக்க வைத்தார்.

இந்த அளவுகோலுக்கும் ஒரு அநீதி உண்டு. பொதுப்பணத்தைத் தொடும் வாய்ப்பே கிடைக்காதவர்களை இது வெளியே நிறுத்திவிடும். குழுக்களில் ஆண்களும், அவர்களிலும் சில குடும்பங்களுமே திரும்பத் திரும்ப வருகின்றன. முதல்முறை நிற்கும் தோட்டத் தொழிலாளிப் பெண்ணிடம் "கணக்குக் காட்டு" என்றால் அவர் எதைக் காட்டுவார்? அப்படிப்பட்டவருக்கு நான் பிரமாணப் பத்திரத்தைப் பார்ப்பேன்; கடன் யாரிடம் என்று பார்ப்பேன்; பிறகு பதவியில் எதை எப்போது மக்கள் முன் வைப்பார் என்று நேரில் கேட்பேன். சுயஉதவிக் குழுவில் ஒரு முறை தலைவியாக இருந்தவர் என்றால் அந்தக் குழுப் பெண்கள் நால்வரிடம் பேசினாலே போதும்.

இந்த முறை வீட்டுக்கு வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் கேட்பதற்கு என் மனைவியும் நானும் மூன்று கேள்விகளை எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் பிரமாணப் பத்திரத்தில் வங்கி அல்லாத கடன் யாரிடம் இருக்கிறது? கடைசியாக நீங்கள் பொறுப்பில் இருந்த குழுவின் கணக்கு நோட்டு இப்போது யாரிடம் இருக்கிறது, நாங்கள் பார்க்கலாமா? எங்கள் பாதையின் தடுப்புச் சுவரை மறுபடி கட்டும்போது விலைப்புள்ளிகளை ஊர்ப் பலகையில் ஒட்டுவீர்களா? பழக்கத்தைப் பற்றி நான்காவதாக ஒரு கேள்வி வேண்டும் என்றார் என் மனைவி. அப்படியானால் வாக்குப்பதிவுக்கு முந்தின இரவு எங்கள் ஊருக்குப் பாட்டில் வருமா என்று கேட்டுவிடுவோம் என்று சேர்த்துக்கொண்டோம்.